பிலிப்பைன்ஸ் சிறுவர் விளையாட்டுச் சாமான்கள்: படம் போதும், அளவு சொல்லுங்கள்

நூல்கண்டு எழுதியது:

பழைய பிலிப்பைன்ஸ் விளையாட்டுச் சாமான்களைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுபவர்கள் நிறைய. ட்ரும்போ, சிபா, சுங்கா, டான்சான் என்று பெயரும் படமும் எங்கும் கிடைக்கின்றன. ஆனால் எந்த மரம், எத்தனை மில்லிமீட்டர், கயிறு எவ்வளவு நீளம், செய்தால் எங்கே கெடும் என்று யாரும் எழுதுவதில்லை. அது தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். இந்த இழையில் அதை மட்டும் சேர்ப்போம். நினைவலைகளுக்கு வேறு இழை இருக்கிறது. இங்கே அளவும் காரணமும் வேண்டும்.

முதலில் ட்ரும்போ. நம் பம்பரத்துக்கும் அதற்கும் செய்முறையில் ஏதாவது வேறுபாடு உண்டா?

கொய்யாக்கட்டை எழுதியது:

அடிப்படையில் ஒன்றுதான். ஸ்பானிய மொழியில் பம்பரத்தைக் குறிக்கும் 'ட்ரோம்போ'தான் அங்கே ட்ரும்போ ஆயிற்று. மரத்தில் பயாபாஸ், அதாவது கொய்யா, பேர்போனது. கொய்யாவின் இழை நெருக்கமாக, ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். ஆணி அடித்தாலும் எதிராளியின் ஆணி குத்தினாலும் சட்டென்று பிளக்காது. தேக்கில் செய்தால் பார்வைக்கு நன்றாக இருக்கும், இரண்டு குத்தில் வாய் பிளந்துவிடும்.

6 முதல் 7 செ.மீ. தடிமன் உள்ள கிளை. வெட்டிய இரண்டு மூன்று நாளுக்குள், பச்சையாக இருக்கும்போதே செதுக்கிவிட வேண்டும். காய்ந்த கொய்யா கத்தியின் வாயை மழுக்கிவிடும். கடைசி உருவம் 5 செ.மீ. அகலம், 7 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த அளவுக்கு உடனே போகக் கூடாது. 3 மி.மீ. கூடுதலாக விட்டு, நாளிதழில் சுற்றி நிழலில் இரண்டு மூன்று வாரம் காய விடுங்கள். வெயிலில் வைத்தால் மேல்தோல் முதலில் சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும், நடுவிலிருந்து நட்சத்திரம் போல விரிசல் ஓடும். காய்ந்த பிறகு இறுதி உருவம், அதற்கும் பிறகுதான் ஆணி.

ஆணியில்தான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். நேராகச் சுத்தியலால் அடிக்காதீர்கள். ஆணியின் தடிமனில் மூன்றில் இரண்டு பங்குக்குத் துளை போட்டுவிட்டு அடியுங்கள். 3 மி.மீ. ஆணிக்கு 2 மி.மீ. துளை. வெளியே தெரியும் நீளம் 1 முதல் 1.5 செ.மீ. போதும். அதற்கு மேல் விட்டால் எடை உயரத்துக்குப் போய், வேகம் சற்றுக் குறைந்ததுமே சாய்ந்துவிடும்.

நூல்கண்டு எழுதியது:

முனையைக் கூராக விடுவதா, மழுக்குவதா? இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள்.

கொய்யாக்கட்டை எழுதியது:

இரண்டும் சரி, வேலை வேறு. வட்டத்துக்குள் கிடக்கும் பம்பரத்தைக் குத்துவதற்குக் கூர்முனை. நின்று நெடுநேரம் சுற்றுவதற்கு உருண்டை முனை.

காரணம் இதுதான். பம்பரம் விழும்போது சற்றுச் சாய்ந்துதான் விழும். முனை உருண்டையாக இருந்தால் ஆணியின் பக்கவாட்டு தரையில் உராய்ந்து உருளும். அந்த உராய்வே பம்பரத்தை மெல்ல நிமிர்த்திவிடும். நிமிர்ந்ததும் அசையாமல் தூங்குவது போல நிற்கிறதே, அது அப்படி வருவது. ஊசிமுனைக்கு அந்தப் பிடி இல்லை. மண்தரையில் குழி தோண்டிக்கொண்டு நின்றுவிடும். அரத்தால் பத்து இழுப்பு, பிறகு உப்புத்தாள் போதும்.

தள்ளாடினால் சுண்ணாம்புக்கட்டியை அசையாமல் பிடித்து, சுற்றுகிற பம்பரத்தின் இடுப்பருகே மெல்லக் கொண்டுபோங்கள். துருத்திக்கொண்டிருக்கும் பக்கம் மட்டும் வெள்ளை படும். அங்கே இரண்டு சீவல். மறுபடி சுற்றிப் பாருங்கள். சுற்றும் முழுக்க ஒரே சீராக வெள்ளை விழும்வரை இதையே செய்ய வேண்டும்.

சாட்டை பருத்திக் கயிறு, 2.5 மி.மீ. தடிமன், 1.2 மீட்டர். நைலான் வேண்டாம், மரத்தில் வழுக்கும். சுற்றுவதற்கு முன் நுனியை நனைத்தால் முதல் சுற்று ஆணியடியில் கெட்டியாகப் பிடிக்கும். சுற்று இடுப்பைத் தாண்டி மேலே ஏறக் கூடாது. ஏறினால் வீசும்போது கயிறு ஒரே கொத்தாகக் கழன்று வரும், பம்பரம் தலைகீழாகப் போய் விழும்.

தகரக்குவளை எழுதியது:

இதே இழையில் யோ-யோவையும் சொல்லிவிடலாம். வட இலோகோஸின் விந்தாரில் பிறந்து அமெரிக்கா போன பெத்ரோ ஃபுளோரெஸ் 1928-ல் கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில் யோ-யோ செய்யும் நிறுவனம் தொடங்கினார். அதற்கு முன்பும் உலகில் பல இடங்களில் அந்தச் சாமான் உண்டு. ஆனால் பழைய மேல்நாட்டு வகையில் நூல் அச்சில் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். கீழே போனதும் உடனே மேலே வந்துவிடும். பிலிப்பைன்ஸ் வகையில் நூல் கட்டப்படுவதில்லை, அச்சைச் சுற்றி வளையமாக நிற்கும். கீழே போய் அங்கேயே சுழல முடிவது அதனால்தான். இன்றைய வித்தைகள் பெரும்பாலும் அந்த ஒரு வளையத்தில் பிறந்தவை.

நூலைச் சரிசெய்வது சுலபம். இரட்டையாக முறுக்கிய நூலின் அடியை எதிர்த்திசையில் திருகினால் இழைகள் பிரிந்து கண்ணி உண்டாகும். அதில் யோ-யோவை நுழைத்துவிட்டு, கையை விட்டு முறுக்கைத் தானாகத் திரும்ப விடுங்கள். கீழேயே நின்று மேலே வர மறுத்தால் கண்ணி தளர்ந்திருக்கிறது. கீழே நிற்காமல் உடனே ஏறினால் இறுகியிருக்கிறது. தரையில் நிற்கும் யோ-யோவிலிருந்து விளையாடுபவரின் தொப்புள் வரை நீளம் விட்டு, விரல்முடிச்சுக்கு 8 செ.மீ. கூட்டி வெட்டுங்கள்.

இன்னொன்று. பிலிப்பைன்ஸ் வேட்டைக்காரர்கள் இதை ஆயுதமாக வீசினார்கள் என்ற கதையைத் தயவுசெய்து யாரும் பரப்ப வேண்டாம். அதற்கு ஆதாரம் கிடையாது. வீசிய ஆயுதம் எதன்மீதாவது பட்டால் கைக்குத் திரும்பி வராது என்பது ஒருமுறை சுழற்றிப் பார்த்தாலே தெரியும்.

நூல்கண்டு எழுதியது:

அடுத்து சிபா, காலால் மேலே உதைத்து ஆடும் வால் வைத்த சாமான். அதற்கு வாஷர் என்கிறார்கள். எந்த வாஷர்?

தகரக்குவளை எழுதியது:

முன்பு ஈயத்தைத் தட்டிச் செய்தார்கள். 'திங்கா' என்று சொல்வது அதைத்தான். இப்போது ஈயம் கூடவே கூடாது. குழந்தையின் கையிலும் வாயிலும் போகிற சாமான். இரும்புக்கடையில் 16 மி.மீ. போல்ட்டுக்கான சாதாரண வாஷர் கேளுங்கள். வெளிவிட்டம் 30 மி.மீ., தடிமன் 3 மி.மீ., எடை ஏறத்தாழ 11 கிராம். சின்னப் பிள்ளைகளுக்கு 12 மி.மீ. போல்ட்டின் வாஷர், அது 6 கிராம்தான் வரும். வெறுங்காலில் பட்டாலும் வலிக்காது. ஆனால் காற்றடித்தால் தள்ளாடும்.

வாலுக்கு மளிகைக்கடைப் பொட்டலம் கட்டும் தட்டையான பிளாஸ்டிக் நார். 35 செ.மீ. துண்டுகள் 10 முதல் 12. நடுவில் மடித்து, மடிப்பை வாஷரின் துளைக்குள் விட்டு, இரண்டு முனையையும் மடிப்புக்குள் இழுத்து இறுக்குங்கள். எல்லா நாரும் வாஷரின் ஒரே முகத்தின் பக்கம் வர வேண்டும். துளைக்கு மேலே நூலால் நாலு சுற்று இறுக்கிக் கட்டிவிட்டு, நாரை ஊசியால் கீறிப் பிசிறாக்குங்கள். பிசிறாக்காத நார் காற்றைப் பிடிக்காது.

வால் இல்லாமல் வாஷரை உதைத்தால் அது புரண்டு புரண்டு வரும். வால் காற்றில் இழுபடுவதால் வாஷர் எப்போதும் அடியில், தட்டையாக இறங்கும். கால் அதன் பரப்பைச் சந்திக்கிறது, விளிம்பை அல்ல. வாஷர் பக்கவாட்டில் இறங்கினால் நார் குறைவு, இரண்டு துண்டு சேருங்கள். மிதந்து மெதுவாக வந்தால் நார் நீளம், 2 செ.மீ. வெட்டுங்கள்.

உதைப்பது பாதத்தின் உட்பக்கத்தால், கணுக்காலுக்குச் சற்றுக் கீழே. முழங்கால் வெளிப்பக்கம் விரிய வேண்டும். புறங்காலால் உதைத்தால் மூன்றாவது உதையில் எங்கோ போய்விடும்.

ஏழுகுழி எழுதியது:

ஒரு சின்னச் சேர்க்கை. சிபா என்றால் உதை என்றே பொருள். பிரம்புப் பந்தை உதைக்கும் ஆட்டத்துக்கும் அதே பெயர். அதனால் தேடும்போது இரண்டும் கலந்து வரும். நெடுங்காலம் சிபாவைத்தான் அந்நாட்டின் தேசிய விளையாட்டு என்று சொல்லிவந்தார்கள். 2009-ல் குடியரசுச் சட்டம் 9850 ஆர்னிஸ் என்ற தடிச்சண்டைக் கலைக்கு அந்த இடத்தைக் கொடுத்தது.

மூங்கில்காடு எழுதியது:

சும்பாக்கை யாரும் தொடவில்லை. மூங்கில் குழலில் ஈரத்தாள் உருண்டை போட்டு 'டப்' என்று அடிப்பது. தேடுபவர்கள் கவனிக்க: நாட்டுத் துப்பாக்கி ஒன்றுக்கும் அங்கே அதே பெயர்தான்.

கணுவில்லாத 25 செ.மீ. குழல், உள்துளை 8 முதல் 10 மி.மீ. பிடிக்குக் கணுவோடு 10 செ.மீ. துண்டு. அதில் இறுக்கிச் செருகிய மூங்கில் குச்சிதான் தண்டு. தண்டு குழலைவிட 1 செ.மீ. குட்டையாக இருக்க வேண்டும். சாமானின் உயிரே அந்த 1 செ.மீ.தான். முதல் உருண்டையைத் தள்ளும்போது அது வாயிலேயே நின்று அடைப்பாகிவிட வேண்டும். இரண்டாவது உருண்டையை வேகமாகத் தள்ளினால் நடுவில் உள்ள காற்று நெருங்கி, முதல் உருண்டை வெடித்துப் போகும், இரண்டாவது அடுத்த அடைப்பாக நிற்கும். தண்டு குழலளவு நீளமாக இருந்தால் இரண்டும் வெளியே விழுந்துவிடும், சத்தமே வராது.

தாளை நன்றாக ஊறவைத்துப் பிழிந்து உருட்டுங்கள். பளபளப்பான தாள் ஊறாது, நாளிதழ்தான் சரி. முகத்துக்கு நேரே வேண்டவே வேண்டாம், கண்ணில் பட்டால் விளையாட்டு இல்லை.

நூல்கண்டு எழுதியது:

புத்தாண்டுக்கு வெடிக்கும் மூங்கில் பீரங்கியும் இந்த வகைதானே? அதன் செய்முறையும் வருமா?

மூங்கில்காடு எழுதியது:

வராது. மூங்கில் பீரங்கி, அங்கே கன்யோங் கவாயன், மண்ணெண்ணெயோ கார்பைடோ போட்டுத் தீ வைப்பது. மூங்கில் காய்ந்திருந்தால் சிதறும். அதன் பிளாஸ்டிக் குழாய் வடிவமான போகாவை அங்கே தடை செய்திருக்கிறார்கள். எரியவில்லையே என்று குனிந்து பார்க்கும் பிள்ளையின் கண்தான் போகிறது. புத்தாண்டுச் சத்தத்துக்கு டோரோடோட் இருக்கிறது, அட்டைக் கூம்பில் ஊதல் செருகியது. அதை ஊதட்டும்.

கொய்யாக்கட்டை எழுதியது:

இதில் மூங்கில்காடு அண்ணன் சொல்வதோடு முழுக்க உடன்படுகிறேன். பழசு என்பதற்காக எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவர வேண்டியதில்லை.

தகரக்குவளை எழுதியது:

டான்சான் என்றால் சோடா மூடி. ஜப்பானிய மொழியில் சோடா நீருக்கு உள்ள சொல் மூடிக்கு வந்து ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு மூடியிலும் 21 பல். தட்டையாக்கும்போது நடுவில் அடிக்காதீர்கள், குழிந்துவிடும். கவிழ்த்து வைத்து, பற்களை ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக வெளிப்பக்கம் சாய்த்து, கடைசியில்தான் மொத்தமாகத் தட்ட வேண்டும்.

கிறிஸ்துமஸ் காலத்தில் வீடு வீடாகப் பாடப் போகும் பிள்ளைகள் கம்பியில் கோத்து ஆட்டுவது இதைத்தான். உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக்கை எடுக்காமல் கோத்தால் 'டக் டக்' என்று செத்த சத்தம். எடுத்துவிட்டால் 'சலங் சலங்'. வெந்நீரில் இரண்டு நிமிடம் போட்டால் உரிந்து வரும். துளை கம்பியைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருக்கட்டும். மூடி தாராளமாக ஆடினால்தான் ஒன்றோடொன்று மோதி ஒலிக்கும்.

சார்டின் டப்பா வண்டிக்கு ஒரே ஒரு குறிப்பு. பழைய ரப்பர் செருப்பிலிருந்து 3.5 செ.மீ. வட்டமாகச் சக்கரம் வெட்டி, 3 மி.மீ. மூங்கில் குச்சியில் இறுக்கமாகக் குத்துங்கள். சக்கரம் குச்சியில் சுற்றக் கூடாது, குச்சிதான் வண்டியடியில் சுற்ற வேண்டும். அதற்கு டப்பாவின் அடியில் குளிர்பான உறிஞ்சுகுழல் துண்டை ஒட்டி, அதனுள் குச்சியை விடுங்கள். நேராகத் தகரத்தில் துளை போட்டுக் குச்சியை விட்டால் தகர விளிம்பு குச்சியை அறுத்துவிடும். மூடி வெட்டிய விளிம்பைக் குறடால் உட்புறம் மடித்து நசுக்காமல் குழந்தையிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

செம்பருத்தி எழுதியது:

குமமேலாக் குமிழி பற்றி: குமமேலா நம் செம்பருத்திதான். 10 இலை, 4 பூ, கல்லில் வைத்து நசுக்கி, 200 மி.லி. தண்ணீரில் பிசைந்து வடிகட்டுங்கள். அதில் துருவிய துணிசோப்பு ஒரு மேசைக்கரண்டி, கரையும்வரை கிளறி அரைமணி நேரம் வைத்திருங்கள். ஊதுவதற்குப் பப்பாளி இலைக்காம்பு.

சோப்பு மட்டும் போட்டால் குமிழியின் சுவரிலிருந்து தண்ணீர் சீக்கிரம் கீழே வடிந்து மேல்பக்கம் மெலிந்து உடைந்துவிடும். செம்பருத்தியின் வழுவழுப்பு அந்த வடிதலைத் தாமதப்படுத்துகிறது. கூழாகிவிட்டால் ஊதவே வராது, தண்ணீர் சேருங்கள். கிணற்று நீர் கடினமாக இருந்தால் சோப்பு வெள்ளைத் திரியாகத் திரண்டுவிடும். அப்போது சோப்புக்குப் பதிலாகச் சலவைத்தூள் அரைக்கரண்டி.

பப்பாளிக் காம்பை வெட்டியதும் வாயில் வைக்கக் கூடாது. பால் உதட்டை அரிக்கும். நன்றாகக் கழுவி ஒரு நாள் காய வைத்த பிறகுதான். சின்னப் பிள்ளைகள் உறிஞ்சிவிடுவார்கள் என்றால் காம்பை விட்டுவிட்டு, தென்னங்குச்சியை வளையமாகக் கட்டி, தோய்த்து வீசச் சொல்லுங்கள்.

நூல்கண்டு எழுதியது:

நன்றி அக்கா. பட்டம் யாராவது?

மூங்கில்காடு எழுதியது:

சரங்கோலாவுக்கு, அதாவது பட்டத்துக்கு, தனி இழையே வேண்டும். குர்யோன் என்ற பெரிய பட்டத்தை இங்கே சொல்லி முடியாது. மூங்கில் வில்லுக்கு ஒரு விதி: நடுவைக் கத்திமுதுகில் வைத்துத் தூக்கினால் இரண்டு பக்கமும் சமமாக நிற்க வேண்டும். இறங்குகிற பக்கத்தைச் சீவுங்கள். மூங்கிலின் பச்சைத்தோல் வளைவின் வெளிப்பக்கம் இருக்கட்டும், சீவுவதெல்லாம் உட்பக்கத்தில். தாள் பாப்பெல் டே ஹப்போன், அதாவது 'ஜப்பான் தாள்', மெல்லிய வண்ணத்தாள். ஒட்டுவதற்குச் சோற்றுப்பசை, மெல்லியதாக.

இன்றே செய்ய வேண்டுமென்றால் சாப்பி-சாப்பி. குச்சியே கிடையாது. ஒரு நோட்டுத்தாள், நீளவாட்டில் இரண்டு ஓரமும் 1.5 செ.மீ. மடித்து நிறுத்தி, அந்த இரண்டு மடிப்பிலும் ஒரு துளை, நூல், வால். முடிந்தது.

ஏழுகுழி எழுதியது:

சுங்காவுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம்மவர்கள் பலர் இதைப் பார்த்ததும் 'பல்லாங்குழிதானே' என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். குடும்பம் ஒன்றுதான், ஆட்டம் வேறு.

பலகையில் ஒரு பக்கத்துக்கு 7 வீடு, அதாவது சின்னக் குழி, இரு முனையிலும் ஒவ்வொரு பெரிய குழி. அதைத் தலை, 'ஊலோ', என்கிறார்கள். காய்கள் சிகாய், நம் சோழிதான். வீட்டுக்கு 7 வீதம் 14 வீட்டுக்கு 98. தன் தலையில் போட்டுக்கொண்டே போக வேண்டும், எதிராளியின் தலையைத் தாண்டிவிட வேண்டும். கடைசிக் காய் தன் தலையில் விழுந்தால் மறு ஆட்டம். காய் உள்ள வீட்டில் விழுந்தால் அதை அள்ளித் தொடரலாம். தன் பக்கத்துக் காலி வீட்டில் விழுந்தால் எதிர்வீட்டுக் காய்களைப் பிடிக்கலாம். எதிராளி பக்கத்துக் காலி வீட்டில் விழுந்தால் ஆட்டம் போயிற்று. பல்லாங்குழியில் தலைக்குழி இந்த வேலையைச் செய்வதில்லை. பிடிப்பது காலிக்குழிக்கு அடுத்த குழியை. நாலு சேர்ந்தால் 'பசு' என்று எடுப்பதும் இங்கே இல்லை.

முதல் ஆட்டத்தை இருவரும் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள். கை வேகம் பேசுகிற இடம் அது. தலையிலிருந்து மிகத் தொலைவில் உள்ள ஏழாவது வீட்டை முதலில் எடுங்கள். 7 காயில் 6 தன் வீடுகளுக்குப் போக, ஏழாவது நேரே தலையில் விழுந்து மறு ஆட்டம் தரும்.

அடுத்த சுற்றில் தன் தலையில் உள்ளதை வீட்டுக்கு 7 என்று நிரப்ப வேண்டும். நிரம்பாத வீடு 'சுனோக்', எரிந்துபோன வீடு. அதில் யாரும் காய் போடக் கூடாது. வீட்டுக்குள் சுங்கா ஆடினால் வீடே தீப்பிடிக்கும் என்றொரு நம்பிக்கையும் அங்கே உண்டு.

கொய்யாக்கட்டை எழுதியது:

பலகையின் அளவு? ஒன்று கடைய உத்தேசம்.

ஏழுகுழி எழுதியது:

80 செ.மீ. நீளம், 18 செ.மீ. அகலம், 6 செ.மீ. தடிமன். வீடு 6.5 செ.மீ. விட்டம், 2.5 செ.மீ. ஆழம். தலை 12 செ.மீ. விட்டம், 4 செ.மீ. ஆழம். இதைவிடச் சின்னத் தலை வைத்தால் 60 காய் சேரும்போது வழியும், எண்ணிக்கை கலையும்.

குழியின் அடி கிண்ணம் போல இருக்க வேண்டும். நேர்ச்சுவரும் தட்டை அடியுமாகக் குடைந்தால் மூலையில் கிடக்கும் சோழி விரலுக்கு வராது, ஒருகை அள்ளலில் ஒன்றிரண்டு தங்கிவிடும், சண்டை வரும். வளைந்த உளியால் இழைக்குக் குறுக்கே வெட்டித் தொடங்கி, கடைசி இரண்டு மி.மீ.-ஐ மட்டும் இழையோடு சீவுங்கள். 220 எண் உப்புத்தாளோடு நிறுத்திக்கொள்ளலாம். கனமான வார்னிஷ் வேண்டாம், புழுக்கத்தில் காய் ஒட்டும். எண்ணெய் போதும்.

கொய்யாக்கட்டை எழுதியது:

98 ஒரே அளவுச் சோழி கிடைப்பது கஷ்டம். புளியங்கொட்டை ஆகுமா?

ஏழுகுழி எழுதியது:

ஆகும். ஆனால் புளியங்கொட்டை தட்டை, 6.5 செ.மீ. வீட்டில் அடியோடு படிந்து விரலுக்கு வழுக்கும். அதைப் போடுவதாக இருந்தால் ஆழத்தை 2 செ.மீ. ஆக்குங்கள். சோழியே வேண்டுமென்றால் எல்லாம் ஒரே அளவு இருக்கத் தேவையில்லை. 1.5 முதல் 2 செ.மீ.க்குள் இருந்தால் கைக்குத் தெரியாது. நூறாக வாங்கி, வாய்விளிம்பு உடைந்த இரண்டை ஒதுக்கிவிடுங்கள்.